ருபெல்லா நோயும் ஊவாத் தோட்டங்களும்

நோயின் கொடுமையை நோயாளி படும் வேதனை கொண்டு அளப்பது உலக வழக்கு. இவ்வளவுகோலுக்கு அகப்படாத நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று ருபெல்லா. ஜேர்மன் சின்னமுத்து என்றும் இதனை வழங்குவர். பிள்ளைக்கு இந்நோய் கண்டால் இலேசான காய்ச்சல் தோன்றும். முகத்தில் தொடங்கிய சிறு செந்தடிப்புகள் உடலெங்கும் இறங்கும். காதின் பின்புறத்திலும் பிடரியிலும் நெறி கட்டும். மூன்று நாளில் எல்லாம் மறைய, நாலாம் நாள் பிள்ளை விளையாடப் போய்விடும். வயது வந்த பெண்களுக்குச் சின்னாள் மூட்டுவலி இருப்பதுண்டு. தொற்றியவருள் நூற்றுக்கு 25 முதல் 50 பேர் வரை யாதொரு குறியுங் காணாமலே தேறிவிடுவர். இத்துணை எளிய நோய்க்கு அரசாங்கமொன்று தடுப்பூசித் திட்டம் வகுத்து, ஊழியரை மலையேற்றி, லயம் லயமாக அனுப்புவானேன் என்று ஒருவர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை, நோயுற்ற தாயின் வயிற்றில் வளரும் சிசுவிடத்தே உள்ளது.

இதனை உலகிற்கு முதன்முதல் எடுத்துரைத்தவர் சிட்னி நகரிற் கண் வைத்தியராயிருந்த நோர்மன் மக்கலிஸ்ரர் கிரெக் என்பார். 1940ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிற் போர்ப்பயிற்சி முகாம்கள் நிறைந்திருந்தன. இளைஞர் நெருங்கி வாழ்ந்த அம்முகாம்களிலும் ஊர்களிலும் ருபெல்லா பெருவாரியாகப் பரவிற்று. அடுத்த ஆண்டிற் கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிரெக்கிடம் கொண்டுவரப்பட்டன. பிறவிக் கண்புரை அரிதினும் அரிது, அது குடிவழி வருவது என்பதே அக்காலத்து நூற்கொள்கை. கொள்கைக்கு அடங்காத தொகையிற் குழந்தைகள் வருதலைக் கண்ட அவர், தாய்மாரை விசாரித்தார். பிற வைத்தியரிடமும் கேட்டறிந்தார். 78 குழந்தைகளின் வரலாறு திரண்டது. அவற்றுள் 68இல், தாய்க்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா கண்டிருந்தமை தெரியவந்தது. அவருட் பெரும்பாலார்க்கு அது கண்டது தொடக்க மாதங்களில். 1941 ஒக்டோபரில் மெல்பேணிற் கூடிய கண் வைத்தியர் சங்கத்தில் இதனை அவர் வாசித்தார். வைத்தியசாலையிற் காத்திருந்த தாய்மார் தமக்குட் பேசிக்கொண்டது காதில் விழுந்தே அவர்க்கு இவ்வையம் எழுந்ததென்று ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், தாய்மாரின் வாய்ச்சொல்லை அவர் சான்றாக மதித்தார் என்பது மெய்.

உலகம் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இலண்டனின் லான்செற் என்னும் வைத்திய ஏடு, கிரெக் தம் கூற்றை நிறுவிவிட்டாரெனக் கொள்ளவியலாது என்று 1944இல் எழுதிற்று. ஐயத்தைத் தீர்க்கப் பெரிதும் உதவியவர் ஒலிவர் லங்காஸ்ரர் என்னும் புள்ளிவிவர அறிஞர். 1911ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியக் குடிசன மதிப்பில் செவிடரின் வயதுகள் பதிவாகியிருந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, 1898, 1899ஆம் ஆண்டுகளையொட்டிப் பிறந்தோருட் செவிடர் தொகை மலைபோல உயர்ந்து நிற்பதை அவர் கண்டார். அவ்வாண்டுகளை ஒட்டியே ருபெல்லாக் கொள்ளைநோயும் பரவியிருந்தது. காரணம் அறியாது நாற்பதாண்டு கிடந்த எண்கள், அறிந்தவன் கைப்பட்டதும் வாய்திறந்து பேசின. கணக்குப் பாடத்தில் மனஞ்செல்லாத மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க.

செவிட்டுப் பிள்ளையையோ பார்வையற்ற பிள்ளையையோ பெற்ற தாய் நம் நாட்டிற் கேட்கும் சொற்கள் நாம் அறியாதவையல்ல. கிரகண வேளையில் வெளியே நின்றாள் என்பர். முற்பிறவிப் பயன் என்பர். புகுந்த வீட்டார் அவள் குடிவழியை ஆராய்வர். மூன்று நாட் காய்ச்சலை எவரும் நினைப்பதில்லை. அவளே அதனை மறந்திருப்பாள். அறியாக் காரணத்திற்கு அவள் தலையிற் பழி சுமத்தும் வழக்கத்தைப் போக்குவதற்கேனும் இந்நோயின் இயல்பைப் படித்தறிதல் வேண்டும்.

ருபெல்லாக் கிருமி, நோயுற்றவர் இருமுதலாலும் தும்முதலாலும் காற்றிற் கலந்து பிறரைச் சேர்வது. சேர்ந்து இரண்டு மூன்று வாரங் கழித்தே தடிப்புத் தோன்றும். தாய் கருவுற்றவளாயின், கிருமி அவள் இரத்தத்தின் வழியே நச்சுக்கொடியை அடைந்து, அதனைக் கடந்து கருவினுட் புகும். அப்பொழுது சிசுவின் கண்ணும் காதும் இருதயமும் உருவாகிக்கொண்டிருக்கும். அணுக்கள் பெருகிப் பிரிந்து உறுப்பாதலைக் கிருமி தடுக்கிறது, சிலவற்றை அழிக்கிறது. கர்ப்பத்தின் முதற் 12 வாரங்களுள் தாய்க்குத் தொற்றினால், நூற்றுக்கு 85 வரையான சிசுக்கள் ஊறுபடும். கரு சிதைதலும் உண்டு. இறந்து பிறத்தலும் உண்டு. பிழைத்துப் பிறந்தால் கண்புரை, செவிடு, இருதயக் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணும். தலை சிறுத்திருத்தலும் அறிவு வளர்ச்சி குன்றுதலும் உடன் வரலாம். இவற்றின் தொகுதியையே பிறவி ருபெல்லா நோய்க்குறித்தொகுதி என்பர். வாரங்கள் செல்லச் செல்ல அபாயம் குறையும். 20ஆம் வாரத்தின் பின் ஊறு அரிது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். முழுகாமல் இருப்பதை ஒரு பெண் தானே ஐயமின்றி உணர ஒரு மாதமாகும்; மாமியாரிடம் சொல்ல இன்னுஞ் சில நாட்களாகும்; கிளினிக்கிற் பெயர் பதிய மேலும் சில வாரங்களாகும். சிசுவின் உறுப்புகள் உருவாகும் காலம் அதற்குட் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆதலின் கர்ப்பத்தின் பின்பு தொடங்கும் காவல் இந்நோய்க்குப் பிந்திய காவலாகும். கருவுறுமுன்பே தாயின் உடலில் எதிர்ப்பாற்றல் இருத்தல் வேண்டும்.

அவ்வாற்றலைத் தரும் மருந்து வர இரு பதிற்றாண்டுகள் சென்றன. 1962இல் அமெரிக்க ஆய்வாளர் இரு குழுவினர், ஒருவரை ஒருவர் சாராது, கிருமியைப் பிரித்தெடுத்தனர். ஈராண்டு கழியுமுன் அந்நாட்டிலேயே பெருங்கொள்ளை தோன்றிற்று. 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடியே 25 இலட்சம் பேர் நோயுற்றனர். ஊறுபட்டுப் பிறந்த குழந்தைகள் 20,000. அவருட் செவிடானோர் மட்டும் 11,000க்கு மேல். 1969இல் முதலாந் தடுப்பூசி அங்கே அனுமதி பெற்றது. இன்று உலகிற் பெரும்பாலான நாடுகளில் வழங்குவது பிலடெல்பியாவில் ஸ்ரான்லி புளொற்கின் என்பார் ஆக்கிய மருந்தாகும். வலிமை குறைக்கப்பட்ட உயிர்க் கிருமியே அதன் சாரம். ஒருமுறை ஏற்றினால் நூற்றுக்கு 95 பேர்க்கும் மேலானோர் எதிர்ப்பாற்றல் பெறுவர். அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நிலைக்கும்.

இலங்கையில் 1994, 1995ஆம் ஆண்டுகளிற் பரவிய ருபெல்லா, நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஊறுபடுத்திச் சென்றது. அதன் பின்னரே 1996இல் இங்கே இத்தடுப்பூசி தொடங்கிற்று. தொடங்கிய முறை கவனிக்கத்தக்கது. குழந்தைகளுக்கு முதலில் ஏற்றாமல், 11 முதல் 44 வயது வரையான பெண்களுக்கே அது வழங்கப்பட்டது. சின்னமுத்து ஊசி குழந்தைகளுக்கன்றோ போடப்படுகிறது, இதனை மட்டும் பெண்களுக்கு ஏன் போட்டனர் என்று பலர் அக்காலத்திற் கேட்டிருப்பர். காரணம் இதுதான். ருபெல்லா உலவும் ஊரிற் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அதனைக் கண்டு, பின்னர் பாதுகாப்புப் பெற்றுவிடுவர். அவ்வூரிற் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டால், நோயின் உலாவல் குறையும், முற்றாக நிற்காது. ஊசியும் பெறாமல் நோயும் காணாமல் வளரும் மற்றப் பிள்ளைகள், இருபது வயதிற் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் அதனைச் சந்திப்பர். அரைகுறைத் தடுப்பினால் நன்மை தேடப்போய்த் தீமை விளையும். கிரேக்க நாட்டில் நிகழ்ந்தது அதுவே. அங்கே 1970களின் நடுவிலிருந்து குழந்தைகளுக்கு இவ்வூசி கிடைத்ததாயினும் பாதிக்கும் குறைவானோரே பல ஆண்டுகள் அதனைப் பெற்றனர். 1993இல் நோய் இளம் பெண்களைத் தாக்கியது. ஊறுபட்ட குழந்தைகள் 25 என ஆய்வுகூடச் சோதனையால் உறுதிப்பட்டது. இலங்கை பெண்களை முதலிற் காத்து, குழந்தைகளைப் பின்னர் சேர்த்தது. 2001இல் மூன்று வயதுப் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலாரும், சின்னமுத்து ருபெல்லாக் கூட்டு ஊசி பெற்றனர். 2011இல் கூவைக்கட்டும் சேர்ந்த முக்கூட்டு ஊசி வந்தது. 2015 முதல் அது ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இடப்படுகிறது. 2020 யூலையில் இலங்கையும் மாலைதீவும் ருபெல்லாவை ஒழித்தன என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அப்பெயரை முதலிற் பெற்றவை இவ்விரு நாடுகளே.

ஒழித்தல் என்னுஞ் சொல் மயக்கந் தருவது. உள்ளூரில் நோய் தொடர்ந்து உலவவில்லை என்பதே அதன் பொருள். கிருமி உலகில் இல்லை என்பதன்று. 2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னமுத்து, 2023இல் இலங்கையில் மீண்டும் ஆட்களைத் தொற்றியது. இரண்டிற்கும் ஊசி ஒன்றே. ஒன்று நுழையும் ஓட்டை வழியே மற்றதும் நுழையும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு, 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தாயகந் திரும்பிய உறவினர் நீலகிரியிலும் பிற இடங்களிலும் உள்ளனர். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் கோயில் நேர்த்திக்கும் போக்குவரவு உண்டு. தமிழ்நாட்டில் இவ்வூசி அரசினரின் பேரியக்கமாகத் தொடங்கியது 2017 பெப்ரவரியிலேதான்; அப்போதும் கைத்தொலைபேசி வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் பின்வாங்கினர். இவையன்றி, மத்திய கிழக்கிற்கு வீட்டு வேலைக்கும், கொழும்புக்குத் தையல் ஆலைக்கும் சென்று மீளும் நம் பெண்கள் எண்ணற்றோர்.

தோட்டங்களின் நிலையைத் தனியே நோக்குவாம். நம்மவர்க்கு ஊசி புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த தொழிலாளர், மண்டபம் முகாமிற் தடுத்துவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்திக்கொண்ட பின்பே இக்கரை சேர்ந்தனர். இன்றும் கிளினிக்கிற் பிள்ளைக்கு ஊசி போடாதே என்று சொல்லும் தாயைத் தோட்டத்திற் காண்பது அரிது. தடை வேறிடத்தில் இருக்கிறது.

உடலிற் தடிப்புக் கண்டால் அதனை அம்மா போட்டிருப்பதாகக் கொள்வது லயத்து வழக்கு. வாயிலில் வேப்பிலை செருகுவர், வெளியார் நுழையார், வீட்டில் தாளிப்பு இல்லை, தண்ணீர் ஊற்றும் நாள் வரை நோயாளி தனித்திருப்பார், பின் முத்துமாரியம்மனுக்கு மாவிளக்கிடுவர். இவ்வழக்கத்தைக் கற்றோர் நகைப்பதுண்டு. நகைப்பதற்கு அதில் ஏதுமில்லை. நோயாளியைத் தனியே வைத்தலும் வருவோரைத் தடுத்தலும் வைத்திய நூல் சொல்வனவே. ஆயின் ருபெல்லாவில் இக்காவல் தோற்றுவிடுகிறது. தடிப்புத் தோன்றுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே நோயாளி பிறர்க்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறார். தோன்றியபின் மேலும் ஒரு வாரந் தொடர்கிறது. தடிப்பே தோன்றாதவர் வாயிலில் வேப்பிலை செருகுவார் யாருமிலர். ஒரே கூரையின்கீழ், ஒரு சுவரைப் பங்கிட்டு வாழும் குடும்பங்களில், நோய் அடுத்த காம்பிராவைச் சேர்ந்த பின்பே காவல் தொடங்குகிறது.

மற்றொரு குறை இதனினும் பெரிது. அம்மா வந்திருக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாகாது என்று வீட்டோடு இருந்துவிடுவதால், வந்தது எந்த அம்மை என்பது தெரியாமலே போகிறது. கொப்புளிப்பானைக் கண்ணாற் கண்டு பிரித்தறியலாம். சின்னமுத்தையும் ருபெல்லாவையும், சில வேளை டெங்கையும், தேர்ந்த வைத்தியரும் பார்வையால் உறுதிசெய்ய இயலாது. இரத்தமெடுத்துக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பியே அறிதல் வேண்டும். காய்ச்சலும் தடிப்பும் ஒருங்கே கண்டவர், அவர் சிறு பிள்ளையாயினும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்க்கோ குடும்பநல உத்தியோகத்தர்க்கோ அறிவிக்கப்படல் வேண்டும். அம்மனுக்குச் செய்வதைச் செய்துகொண்டே இதனையும் செய்யலாம். பூசாரியார் ஒருவர் வாயால் இச்சொல் வருமாயின், நூறு துண்டுப்பிரசுரங்கள் செய்யாததை அது செய்யும்.

ஊசி தவறியோர் யாவர்? குழந்தைப் பருவ ஊசி 2001இல் மூன்று வயதினர்க்குத் தொடங்கியதாகலின், 1998க்கு முன் பிறந்த பெண்களுக்கு அது கிட்டவில்லை. அவர்கள் பாடசாலையிலோ கிளினிக்கிலோ பெற்றிருத்தல் வேண்டும். ஐந்தாம் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு வீட்டு வேலைக்குச் சென்ற தோட்டச் சிறுமியைப் பாடசாலை ஊசி எவ்வாறு சேரும்? மணமாகி மடுல்சீமையிலிருந்து பூனாகலைக்குப் போனவளின் அட்டை பிறந்தகத்துப் பெட்டியிற் கிடக்கும். அல்லது மழையில் நனைந்து அழிந்திருக்கும். கிளினிக் நாளிற் போனால் பேர் விழாது, அரைப்பேராகிவிடும் என்ற அச்சமும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் ஊவாவிற் பெய்யும் மழையில், மேற்பிரிவிலிருந்து கைப்பிள்ளையோடு நாலு மைல் இறங்கி வருவதும் எளிதன்று. இவையெல்லாம் தாயின் அசட்டை என்று கணக்கப்பிள்ளையோ துரையோ எழுதிவிடுவது நியாயமாகாது. கிளினிக் நாளில் முழுப்பேர் கொடுக்கும் தோட்டத்தில் ஊசி தவறுதல் குறையும் என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை.

இம்மலரைப் படிப்போருட் பெரும்பாலார் ஆண்கள். இது பெண்டிர்க்குரிய கட்டுரை என்று அவர்கள் தாளைப் புரட்டிவிடலாகாது. யப்பான் 1977இல் இவ்வூசியைத் தொடங்கியபோது இடைநிலைப் பள்ளிச் சிறுமியர்க்கு மட்டுமே வழங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டு கழிந்து, 2013இல், அந்நாட்டில் 14,000க்கு மேற்பட்டோர் ருபெல்லாவுக்கு ஆளாயினர். அவருட் பெரும்பாலார் இருபது முதல் ஐம்பது வயது வரையான ஆடவர்; பள்ளியிற் சகோதரியர் ஊசி பெற்றபோது பெறாமல் விடப்பட்டவர்கள். அலுவலகத்திலும் ரயிலிலும் பெற்ற நோயை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். 2012க்கும் 2014க்கும் இடையில் ஊறுபட்டுப் பிறந்த குழந்தைகள் 45. இலங்கையிலும் 2001 வரை வழமையான ஊசி நிரலில் ஆண்பிள்ளைகளுக்கு இடமிருக்கவில்லை. இடையில் நடந்த சிறப்பு இயக்கங்களிற் சிலர் பெற்றிருக்கலாம். பலர் சிறுவயதில் நோயையே கண்டு தேறியிருப்பர். எனினும் வெளிநாட்டுப் பயணஞ் செய்வோர், மணம் முடிக்க இருப்போர், மனைவி முழுகாதிருக்கும் கணவர் ஆகியோர் தம் நிலையை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு இது இன்னும் பொருந்தும். வகுப்பறையைப் போல ஆட்களை நெருக்கி வைக்கும் இடம் வேறில்லை.

பிள்ளை மடுவத்திற் பணிபுரியும் பெண்களைத் தனியே குறித்தல் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர். ருபெல்லாவால் ஊறுபட்டுப் பிறந்த குழந்தையின் தொண்டையிலும் சிறுநீரிலும் ஓராண்டு வரை கிருமி வெளிப்படக்கூடும். எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பவதி அக்குழந்தையைத் தூக்கி வளர்த்தல் ஆபத்து. வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே அவர்களின் ஊசி விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது தோட்ட நிருவாகத்துக்கு ஒரு நாழிகை வேலை.

கர்ப்பவதியொருத்தி தடிப்புக் கண்டவரோடு பழகிவிட்டால், தடிப்பு மறையும் வரை காத்திராமல், அன்றே கிளினிக்கிற் சொல்லி இரத்தஞ் சோதிப்பித்தல் வேண்டும். முன்பே எதிர்ப்பாற்றல் இருப்பதாகத் தெரிந்தால் அவள் அஞ்ச வேண்டியதில்லை. இல்லையெனத் தெரிந்தால் அப்போது ஊசி போடுவதில்லை. உயிர்க்கிருமி ஊசியைக் கர்ப்ப காலத்தில் இடுவதில்லை என்பது விதி. ஊசி பெற்ற பெண் குறைந்தது ஒரு மாதமேனும் கருவுறாதிருத்தல் வேண்டும். இதனை அறியாமல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஊசி பெற்றுவிட்டவர்கள் கலங்கி, கருவைக் கலைக்க முற்படுவதுண்டு. அது வேண்டாதது. அவ்வாறு ஊசி பெற்ற தாய்மார் பலரைப் பல நாடுகளிற் தொடர்ந்து கவனித்தும், ஊசியால் ஊறுபட்ட குழந்தை காணப்படவில்லை.

தவறவிட்ட தாய்க்கு மிக ஏற்ற காலம் பிரசவத்தை அடுத்த நாட்களாகும். அப்பொழுது அவள் கர்ப்பவதியல்லள் என்பது உறுதி. பதுளைப் பெரியாஸ்பத்திரியிலோ பண்டாரவளையிலோ வைத்தியர் கண்முன்னே இருக்கிறாள். பாலூட்டுவதற்கும் ஊசி தடையன்று. வீடு திரும்புமுன் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இந்நாட்டு விதிப்படி 15 முதல் 44 வயது வரையான, முன்பு ருபெல்லா ஊசி பெறாத, எந்தப் பெண்ணும் முக்கூட்டு ஊசி ஒன்றைப் பெற உரியவள். அதற்குக் கட்டணமில்லை. அட்டை தொலைந்து, பெற்றோமா இல்லையா என்று நினைவில்லாதவர், பெறாதவராகவே தம்மைக் கருதிக் கிளினிக்குக்குச் செல்லலாம். முன்பு ஒன்று பெற்றிருந்து இப்போது மற்றொன்று பெறுவதால் உடலுக்குக் கேடில்லை. ஊசியிட்ட தேதியைப் புதிய அட்டையில் எழுதுவித்து, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு ஒரே உறையில் வைத்துக்கொள்க; தோட்டம் மாறினாலும் அவ்வுறை உடன் செல்லும்.